இரண்டாவது பிரேக்

சவ ஊர்தி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. சந்து குறுகல். வழி சொல்ல ஓர் ஆள் போதும். தெருவில் நின்ற அத்தனை பேரும் சொன்னார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் உள்ளே கூடத்தில் படுத்திருந்தார். ஆகவே ஒவ்வொருவரும் அவர் சொல்வதைப் போலவே சொன்னார்கள். கண்ணாடியைப் பார், என்னைப் பார்க்காதே என்றார் தையல்காரர். ஒடி, ஒடித்த கையோடு நேராக்கு என்றார் இன்னொருவர். ஊர்தி ஓட்டுநரும் மாஸ்டரிடம் படித்தவர்தான். உரிமத்தை இன்றைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற முகத்தோடு முன்னே போய்ப் பின்னே வந்து, கடைசியில் விளக்குக் கம்பத்துக்கு விரற்கடை இடம் விட்டு நிறுத்தினார். யாரோ கைதட்டப் போய், என்ன இடம் என்று நினைவு வந்து, கைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாஸ்டரின் இளைய பிள்ளை வாசற்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா இருந்திருந்தால் கம்பத்தைப் பார்த்துவிட்டு, "கம்பம் தப்பிச்சுது, நீ தப்பிக்கல, இன்னொரு தடவை எடு" என்றிருப்பார்.

ஊர்திக்குப் பின்னால் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சேதி போனதும் கிளம்பி, வழியெல்லாம் அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் யாரும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்ப்பார்கள்.

அக்காவின் காலில் ரப்பர் செருப்பு. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு வார், அவ்வளவுதான் பிடிமானம். நடக்க நடக்கக் குதிகாலில் அடித்துச் சத்தம் போட்டது. அந்தச் சத்தம் இந்த வாசலில் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

அப்பாவின் நோய் செருப்பில்தான் ஆரம்பித்தது. டிரைவிங் ஸ்கூல் வாசலில் காரை நோக்கி நடந்தவரின் வலதுகால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. திரும்பிப் போய் மாட்டிக்கொண்டார். மறுநாளும் கழன்றது. அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, செருப்புக்கே உங்களைப் பிடிக்காமல் போய்விட்டது, நான் எத்தனை நாளைக்கோ என்று கேலி செய்தாள். விரல்களுக்கு வாரைக் கவ்விப் பிடிக்கும் தெம்பு போயிருந்தது என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது. செருப்பை மாற்றினார்கள். காலை மாற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் கோட்டை விட்டால் மாஸ்டர் அதை அழுத்துவார். அந்தப் பழக்கம் குடும்பத்துக்கே தொற்றியிருந்தது. எந்த வண்டியில் எந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும், வளைவு வந்தால் நான்கு பேரின் வலதுகாலும் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தும். பேருந்தில்கூட அழுத்தினார்கள். ஒருநாள் தையல்காரர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தபோது எதிரில் ஒரு மதில் வந்தது. மாஸ்டர் அழுத்தினார், கால் அழுத்தவில்லை. கார் அவசரமே இல்லாமல் போய் மதிலில் முட்டி நின்றது. தப்பு உங்களுடையது இல்லை, என் காலுடையது என்று அப்பா எவ்வளவோ சொன்னார். மாஸ்டர் பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்று முடிவு செய்த தையல்காரர் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இன்றைக்கும் மாலையைப் போட்டுவிட்டு, மதிலுக்காகத்தான் மன்னிப்புக் கேட்டார்.

தாத்தா நரம்புத் தளர்ச்சியில் போனார், அத்தை கவலையில் போனாள் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் முதலில் கால் விழுந்தது, பிறகு கை, பிறகு பேச்சு. மூன்றாவதாக அப்பாவுக்கும் அதே வரிசையில் வந்தபோதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, பரம்பரை நோய்களுக்கென்றே இருந்த ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள்.

அந்த அம்மாள் பொறுமையானவள். ஒவ்வொரு நரம்புச் செல்லுக்குள்ளும் ஓர் அறை உண்டு, மரபணுக்கள் அதற்குள்தான் இருக்கும், வெளியே நடக்க வேண்டிய வேலைகளுக்கு அங்கிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல்கள் போகும் என்றாள். நகலில் தேவையில்லாததை வெட்டிச் சரிபார்த்து அனுப்ப அந்த அறைக்குள்ளேயே ஒரு புரதம் இருக்கிறது. இவர்கள் குடும்பத்தில் அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அது நாளடைவில் அறையை விட்டு வெளியேறி, வெளியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக நின்றுவிடுகிறது. உள்ளேயிருந்து நகல்கள் குப்பையும் கூளமுமாகக் கிளம்புகின்றன. நரம்பு தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ள முடியாமல் வாடுகிறது. நரம்பு போனால் தசை போகிறது.

அம்மாவும் துணைக்கு வந்திருந்த மாமாவும் தலையாட்டினார்கள். தலையாட்டலில் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பா மட்டும் அப்போதே குழறத் தொடங்கியிருந்த நாக்கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அதாவது, லைசென்ஸ் குடுக்கற இன்ஸ்பெக்டர் சீட்ல இல்ல. வெளிய நாலு பேரோட கும்பலா நின்னு டீ குடிக்கறார். உள்ள வர்றவன் போறவனுக்கெல்லாம் லைசென்ஸ் கெடைக்குது. அதானே?"

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். பிறகு, பக்கத்தில் வந்துவிட்டீர்கள், ஆனால் அவர் டீ குடிக்கவில்லை என்று திருத்தினாள். "அவருக்கு உள்ள திரும்பிப் போற வழி மறந்துபோச்சு."



பிள்ளைகளைப் பற்றி அம்மாதான் கேட்டாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று பதில் வந்தது. அம்மா விரலை மடக்கிப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகள், பாதிக்குப் பாதி, ஆக, ஒருத்தர். அன்று ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்த கணக்கு, அம்மாவின் மனசைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அக்கா அவளுக்கு நாணயத்தைச் சுண்டிச் சுண்டிக் காட்டினாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சுண்டுவது, இரண்டு பேருக்கும் வரலாம், இரண்டு பேருக்கும் வராமலும் போகலாம், ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே கிடையாது என்றாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ கணக்கைச் சொல்ற. நான் என் வீட்டைச் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. மறுவாரம் கடைக்குப் போய், கழலவே வாய்ப்பில்லாத காலணிகளாக வாங்கிவந்தாள். மகளுக்குப் பட்டை வைத்தது, மகனுக்கு நாடா போட்டது. புருஷனுக்கும் அதே போல் ஒரு ஜோடி. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கால் ஒரே அளவு. பிள்ளையைக் கூட்டிப்போய் அளவு பார்த்தே இரண்டு ஜோடி வாங்கிவிடலாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் செருப்பும் கழலவில்லை. கழன்றால்தானே தெரியும்?

இப்போது அக்கா ரப்பர் செருப்போடு வந்து நிற்கிறாள்.

அவள் பரிசோதனை செய்துகொண்டுவிட்டாள். அவளுக்கு இல்லை. அதைச் சொல்ல மனசில்லாமல், தன் ஊரில் மட்டும் கழலும் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். கிளம்பிய அவசரத்தில் மாற்ற மறந்துவிட்டாள். இவ்வளவும் அவள் வாசல் படியேறுவதற்குள் அவனுக்கு விளங்கிவிட்டது. முதலில் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பிறகு அம்மாவின் விரல் கணக்கு ஞாபகம் வந்தது.

அம்மா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். மகளின் காலைப் பார்த்தாள். அப்புறம், பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறவளைப் போல, மகனின் காலைப் பார்த்தாள்.

அக்காவுக்கும் அப்போதுதான் உறைத்தது. செருப்பை அவசரமாக உதறி, மற்றவர்களுடைய செருப்புக் குவியலுக்குள் காலால் தள்ளிவிட்டாள். அது குவியலின் மேலேயே நின்றது.

அப்பா எப்போது போனார் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. மூச்சுக் கருவி காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்ததால், விடிந்த பிறகும் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறார் என்றுதான் அவன் நினைத்தான். அம்மா வந்து பாதத்தைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல், அதை நிறுத்துடா என்றாள். கடைசி மாதங்களில் அப்பாவிடம் மிச்சமிருந்தது கண்கள் மட்டும்தான். மகன் அறைக்குள் வந்தால் அந்தக் கண்கள் நேராகக் கீழே இறங்கி, கதவிலிருந்து கட்டில்வரை அவன் நடையைக் கூட்டிக்கொண்டு வரும். அந்த நேரங்களில் அவன் வலதுகாலைக் கொஞ்சம் தூக்கித் தூக்கி வைப்பான். அப்பாவை ஏமாற்ற முடியவில்லை என்றுதான் தோன்றியது. எத்தனை பேருடைய காலைப் பார்த்தவர்.

டிரைவிங் ஸ்கூலில் அப்பாவின் இருக்கையில் இப்போது அவன்தான் உட்காருகிறான். இரண்டாவது பிரேக் அவன் பொறுப்பு. கொஞ்ச நாளாக அது இறுகிப் போயிருக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டினான். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று மெக்கானிக் சொன்னார். வேறு மெக்கானிக்கைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும் நேரம் வந்தது. அப்பாவோடு அனுப்ப ஒரு துணிப்பையில் அம்மா சில சாமான்களை எடுத்து வைத்திருந்தாள். மூக்குக் கண்ணாடி, சாம்பல் நிறச் சட்டை, முதலில் கழன்ற அந்தப் பழைய ரப்பர் செருப்பு. செருப்பை எங்கே இத்தனை வருஷம் வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. "அதுவும் போகட்டும்" என்றாள்.

வாசலில் அவன் காலணியை மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. விடும்மா என்றான். அவள் விடவில்லை. இடதுகால் நாடாவை இழுத்துக் கட்டினாள், முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டாள். வலதுகாலுக்கு வந்தாள். அந்தக் காலணியின் நுனி மட்டும் தேய்ந்து, தோல் வெளுத்திருந்தது. நடக்கும்போது தரையில் இழுபடுகிற காலணி அங்கேதான் தேயும். அம்மாவின் கட்டைவிரல் அந்த இடத்தில் போய் நின்றது. துடைத்துப் பார்த்தாள். அழுக்கில்லை. முடிச்சைப் போட்டுவிட்டு, அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மாடிப்படி மா" என்றான் அவன். "ஸ்கூல் மாடிப்படி சரியில்ல. இடிச்சுக்கிட்டே இருக்கு."

"ஆமா" என்றாள் அம்மா. "அந்தப் படி எப்பவுமே அப்படித்தான்."

ஸ்கூலுக்கு மாடி கிடையாது.

தகன நிலையம் ஊருக்கு வெளியே இருந்தது. ஓட்டுநர் எல்லா விளக்குக் குறிகளையும் போட்டு, ஒவ்வொரு வளைவிலும் கிட்டத்தட்ட நின்று, பின்னால் வந்த வண்டிகளின் சாபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு போனார். இவ்வளவு மெதுவாகப் போக வேண்டுமா என்று மாமா கேட்டார். மாஸ்டர் உட்கார்ந்திருக்கும்போது அதற்கு மேல் போய்ப் பழக்கமில்லை என்றார் ஓட்டுநர். மாமா தலையாட்டினார்.

மண்டபத்துக்குள் காலணி கூடாது என்றார்கள். அம்மா போட்ட முடிச்சு அவிழவில்லை. குதிகாலை மிதித்துப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே வேலைகள் சீக்கிரம் முடிந்தன. ஊழியர் பையைத் திறந்து பார்த்து, சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். கண்ணாடியையும் செருப்பையும் திருப்பிக் கொடுத்தார்.

"ரப்பர் உள்ள விடறதில்ல சார். புகை வரும்."

அம்மா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள். கதவு மூடியது. காத்திருக்கும்போது மழை பிடித்தது.

மாமாவும் மற்றவர்களும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊர்தியில் ஏறப் போனார்கள். அக்காவும் அவனும் தாழ்வாரத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றிப் பேச அதிகம் இருக்கவில்லை.

"எப்ப பாத்துக்கிட்ட?" என்று கேட்டான்.

"எத?"

அவன் அவள் காலைப் பார்த்தான்.

"லீவுல" என்றாள். "இங்க வராம இருந்தேனே, அந்த லீவுல."

"இல்லைன்னுட்டாங்க" என்றான்.

"ம்."

"நல்லது. எனக்கு நெஜமாவே சந்தோஷம்."

"தெரியும்டா" என்றாள். "அது வேற, இது வேற. எனக்கு இல்லைங்கறதால உனக்குன்னு ஆயிடாது."

"நானும் பள்ளிக்கூடம் போனவன்தான்."

"அம்மா கணக்க மண்டையில ஏத்திக்காத."

"ஏத்திக்கல. அவங்க கணக்கு கால்லதான் இருக்கு."

அக்கா சிரிக்கவில்லை. நீயும் ஒரு தடவை பார்த்துக்கொள், மருந்தெல்லாம் வரப்போவதாகச் சொல்கிறார்கள், சீக்கிரம் தெரிந்தால் நல்லது என்றாள்.

"சீக்கிரம் தெரிஞ்சா, சீக்கிரம் தெரியும். அவ்ளோதான்."

"பயமா இருக்காடா?"

அவன் தன் காலணியைத் தேடினான். படிக்குக் கீழே கழற்றிப் போட்டது, கூரைத் தண்ணீர் நேராக விழுந்து நிரம்பியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு குவளைத் தண்ணீர் இருக்கும். கொட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். நாடா முடிச்சு அப்படியே இருந்தது. கையில் துணிப்பை இருந்தது. பைக்குள் அப்பாவின் செருப்பு இருந்தது.

"வெறுங்காலோட வா" என்றாள் அக்கா. சட்டென்று சொன்னாள்.

"ஜல்லியா இருக்கு."

செருப்பை எடுத்துக் கீழே போட்டு மாட்டிக்கொண்டான். ரப்பரில் அப்பாவின் விரல்கள் பதிந்த பள்ளங்கள் இருந்தன. அவன் விரல்கள் அவற்றுக்குள் போய்ச் சரியாக உட்கார்ந்தன. மண்டபத்திலிருந்து ஊர்திக்குக் கூப்பிடு தூரம்தான். நடந்தான். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தான். இடதுகால் டப் என்றது. வலதுகாலும் டப் என்றது. பின்னால் அக்காவின் செருப்பும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இப்படித்தான் வருவார்கள், யார் செருப்பு பெரிதாகச் சத்தம் போடுகிறது என்று பார்த்துக்கொண்டு. பாதி தூரம் வந்துவிட்டான். முக்கால் தூரம் வந்துவிட்டான். ஊர்தியின் பின்கதவு திறந்திருந்தது, உள்ளே அம்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இன்னும் கொஞ்சம்தான். அவனுக்குக் கையை வீசி நடக்க வேண்டும்போல இருந்தது.

உள்ளங்காலில் ஜல்லி குத்தியது.

நின்றான். திரும்பவில்லை. மழை தோளில் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த டப் டப் நின்றது. அக்கா குனிவது தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று சொல்ல முடியாது. அவள் முன்னால் வந்து, அவன் காலடியில் செருப்பை வைத்து, வாரை விரலால் விரித்துப் பிடித்தாள். அவன் காலை நுழைத்தான்.

"பெருசா இருக்கு" என்றான். "அப்பா அளவு."

அக்கா குனிந்தபடியே இருந்தாள்.

"ஆமா" என்றாள். "உனக்குப் பெருசுதான்."

ஊர்திக்குள் இரண்டு பக்கமும் நீளமான பலகைகள். வரும்போது அப்பா இருந்த நடு இடம் காலியாக இருந்தது. அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்கா எதிரில். அம்மா அவன் காலைப் பார்த்தாள். அந்தச் செருப்பை அடையாளம் கண்டுகொண்டாள். எங்கேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு பார்த்தாள் என்று அவன் கேட்கவில்லை. தலை நனைந்துபோச்சே என்று முந்தானையால் துவட்டிவிட்டாள். துவட்டி முடித்த பிறகும் துவட்டினாள்.

வண்டி கிளம்பியது. மழையில் கண்ணாடி துடைப்பான் மட்டும் பேசிக்கொண்டு வந்தது. முதல் வளைவு வந்தபோது, வழக்கம்போல, அக்காவின் கால் தரையை அழுத்தியது. அவன் காலும் அழுத்தப் போனது. அதற்குள் அம்மாவின் கால் வந்து, அவன் காலின்மேல், செருப்பு வாரின்மேல் ஏறி, அவன் காலையும் சேர்த்து அழுத்தியது.

வண்டி மெதுவானது.